அறிவொளிக் காலத்துக்குப் பிறகும் ஐரோப்பாவில் மதம் எப்படிப் பிழைத்தது?

கேள்வி கேட்டவர் எழுதியிருப்பது இவ்வளவுதான்: “வால்டேர், ஹியூம், கான்ட் எல்லோரும் சேர்ந்து மதத்தின் அஸ்திவாரத்தையே பெயர்த்துவிட்டார்கள் என்று படிக்கிறோம். அப்படியானால் அங்கே மதம் இன்றுவரை எப்படி நிற்கிறது? இதெல்லாம் நம் ஊரைத் தொட்டதா?” அறிவொளிக் காலம் என்பது, பாரம்பரியத்தைவிடச் சொந்தப் புத்தியை நம்பச் சொன்ன பதினெட்டாம் நூற்றாண்டு. மேலுக்கு இரண்டு கேள்விகள். அடியில் ஓர் அனுமானம் இருக்கிறது: தத்துவவாதிகள் ஒரு கட்சி, மதவாதிகள் எதிர்க்கட்சி, மோதலில் யாராவது ஒருவர் ஜெயித்திருக்க வேண்டும். அந்த அனுமானத்தைத் தள்ளிவைத்துவிட்டுப் பார்த்தால், இவர் உண்மையில் கேட்பது வேறு. அதுவரை நம்பிக்கைக்கு ஆதாரமாக இருந்தவை கேள்விக்குள்ளான பிறகு, தொடர்ந்து நம்பியவர்கள் எதன்மேல் நின்றார்கள்? அதற்குத்தான் பதில் சொல்லப் பார்க்கிறேன்.

நான் கல்லூரியில் மதத் தத்துவம் என்ற தாளைப் பல ஆண்டுகள் நடத்தியவன். வருடம் தவறாமல் யாராவது ஒரு மாணவர் “கான்ட் ஒரு நாத்திகர்” என்று எழுதுவார். அடுத்த விடைத்தாளைப் புரட்டினால் “கான்ட் கிறிஸ்தவத்தைக் காப்பாற்றியவர்” என்று இருக்கும். இரண்டுக்கும் பாதி மதிப்பெண் போட்டிருக்கிறேன், மனசாட்சி உறுத்தாமல். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: என் வாசிப்பு பெரும்பாலும் ஜெர்மன் பக்கம், அதிலும் புராட்டஸ்டண்ட் உலகம். ஸ்பெயின், இத்தாலி போன்ற கத்தோலிக்க நாடுகளில் நடந்ததை எடைபோட எனக்குத் தகுதி போதாது. அதனால் ஜெர்மனியில் சுமார் இருபத்தைந்து ஆண்டுகளில் நடந்த ஒரு சண்டையை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அதற்குள்ளேயே உங்கள் கேள்விக்கான பதில் பெருமளவு இருக்கிறது.

“அறிவொளி என்றால் என்ன?” என்ற புகழ்பெற்ற கேள்வியைக் கேட்டவரே ஒரு போதகர்தான். 1783இல் பெர்லினில் வெளிவந்த ஒரு மாத இதழில், திருமணம் நடத்திவைக்கப் போதகர்கள் எதற்கு என்று கேட்டு ஒரு கட்டுரை வந்தது. யோஹான் ஃப்ரீட்ரிஷ் சோல்னர் என்ற போதகருக்கு அது பிடிக்கவில்லை. டிசம்பர் இதழில் மறுப்பு எழுதினார். அதன் ஓர் அடிக்குறிப்பில், எல்லோரும் அறிவொளி, அறிவொளி என்கிறீர்களே, அது என்ன என்று முதலில் சொல்லிவிட்டு அப்புறம் ஒளி ஏற்றக் கிளம்பக் கூடாதா என்று சீண்டினார். கல்யாணத்தைப் பற்றிய சண்டையில் விழுந்த ஓர் அடிக்குறிப்பு! மறு ஆண்டு அதே இதழில் அதற்கு இரண்டு பெரிய பதில்கள் வந்தன. செப்டம்பரில் எழுதியவர் யூதத் தத்துவவாதியான மோசஸ் மெண்டல்சோன். டிசம்பரில் எழுதியவர் இம்மானுவேல் கான்ட். இன்னொருவர் கையைப் பிடித்துக்கொண்டே நடக்கும் பழக்கத்திலிருந்து வெளியே வருவதுதான் அறிவொளி, சொந்தப் புத்தியைப் பயன்படுத்தத் துணியுங்கள் என்றார் கான்ட். அதற்கு அவர் காட்டும் முக்கிய உதாரணமும் ஒரு போதகர்தான். ஆலயத்தில் சபையின் கோட்பாட்டைப் போதிப்பது அவருடைய உத்தியோகக் கடமை. அறிஞர் என்ற முறையில், அதே கோட்பாட்டில் எங்கே பிழை என்று ஊரறிய எழுதவும் அவருக்கு உரிமை உண்டு என்கிறார் கான்ட். மதத்தைத் தூக்கி எறியுங்கள் என்ற பேச்சு அந்தக் கட்டுரையில் எங்கேயும் இல்லை. அடுத்தடுத்த தலைமுறைகளையும் ஒரே விசுவாச அறிக்கைக்குள் பூட்டிவைக்க எந்தச் சபைக்கும் உரிமை கிடையாது என்பதுதான் அதன் கூர்மையான வரி.

பிரான்ஸில் கதை இதைவிடச் சூடானது. அங்கே திருச்சபையும் முடியாட்சியும் ஒரே கயிற்றில் பிணைந்திருந்தன. 1762இல் துலூஸ் நகரத்தில் ஜான் காலாஸ் என்ற புராட்டஸ்டண்ட் வியாபாரியை, கத்தோலிக்கராக மாற நினைத்த மகனைக் கொன்றார் என்று குற்றம் சாட்டிச் சக்கரத்தில் கட்டி எலும்புகளை முறித்துக் கொன்றார்கள். வால்டேர் விடாமல் போராடி 1765இல் அவர் குற்றமற்றவர் என்று தீர்ப்பு வரவைத்தார். ஆனால் அந்த வால்டேரும் நாத்திகர் இல்லை. ஃபெர்னேயில் சொந்தச் செலவில் ஒரு தேவாலயம் கட்டி, ‘வால்டேர் கடவுளுக்காக எழுப்பியது’ என்று லத்தீனில் பொறித்துவைத்தவர். 1729இல் இறந்த ஜான் மெஸ்லியே என்ற கிராமத்துப் பாதிரியார், கடவுளே இல்லை என்று ரகசியமாக ஒரு பெரிய சாசனம் எழுதிவைத்துவிட்டுப் போனார். வால்டேர் 1762இல் அதன் சுருக்கத்தை வெளியிட்டபோது, நாத்திகத்தை மட்டும் கத்தரித்துவிட்டு, கடவுளை நம்பிய, சபையை மட்டும் எதிர்த்த ஒருவராக மெஸ்லியேவைக் காட்டினார். பகுத்தறிவாளர்களும் தணிக்கை செய்வார்கள் என்பதற்கு வகுப்பில் நான் சொல்லும் உதாரணம் இது.

சரி, ஜெர்மனிக்கு வருவோம். ஹாம்பர்க்கில் ஹெர்மன் சாமுவேல் ரைமாருஸ் என்று ஒரு பேராசிரியர் இருந்தார். கீழைமொழிகள் கற்பித்தவர். ஊருக்கு அவர் மரியாதைக்குரிய லூதரன். இயற்கையை ஆராய்ந்தே கடவுளை அறியலாம் என்று 1754இல் அவர் எழுதிய புத்தகத்துக்கு நல்ல பெயர். ஆனால் வீட்டில், அலமாரிக்குள், பல வருடங்களாக இன்னொரு புத்தகம் வளர்ந்துகொண்டிருந்தது. கடவுளே மனிதருக்கு அறிவித்ததாகப் பைபிள் சொல்லும் வெளிப்பாடுகளை ஒவ்வொன்றாக எடுத்து, சாட்சியை வக்கீல் குறுக்கு விசாரணை செய்வதுபோல் விசாரித்திருந்தார். உயிரோடு இருக்கும்வரை மிக நெருங்கிய சிலரைத் தவிர யாருக்கும் காட்டவில்லை. 1768இல் இறந்தார். அடுத்து நடந்ததற்குக் காரணம் நாடக ஆசிரியர் லெஸ்ஸிங். அவர் ஹாம்பர்க் நாடக அரங்கில் வேலை பார்த்த நாட்களில் ரைமாருஸின் பிள்ளைகளோடு பழகி, கைப்பிரதியைப் பெற்றார். 1770இல் வோல்ஃபன்பூட்டல் நகரத்தில் பிரவுன்ஷ்வைக் பிரபுவின் நூலகராகப் போனார். நூலகத்தின் பொக்கிஷங்களைத் தணிக்கை இல்லாமல் வெளியிட அவருக்குச் சலுகை இருந்தது. அதைப் பயன்படுத்தி, நூலகத்தில் கிடைத்த, பெயர் தெரியாத ஒருவருடைய எழுத்து என்று சொல்லி 1774 முதல் 1778 வரை அந்தக் கைப்பிரதியைத் துண்டு துண்டாக அச்சிட்டார். எழுதியவர், எப்போதோ இறந்துபோன யோஹான் லோரென்ஸ் ஷ்மிட் என்பவராக இருக்கலாம் என்று ஒரு பொய்த் தடயமும் விட்டுவைத்தார். பாதிரியார் மகனான லெஸ்ஸிங்குக்குத் தான் எதில் கைவைக்கிறோம் என்று நன்றாகத் தெரியும்.

அந்தத் துண்டுகளில் இருந்த வாதங்களின் தன்மையைப் புரிந்துகொள்ள ஒன்று போதும். இஸ்ரவேலர் செங்கடலைக் கடந்த கதை. யாத்திராகமத்தின்படி எகிப்திலிருந்து புறப்பட்ட ஆண்கள் மட்டும் ஆறு லட்சம். பெண்கள், பிள்ளைகள், முதியவர்களைச் சேர்த்தால் முப்பது லட்சம் என்று வைத்துக்கொண்டார் ரைமாருஸ். கணக்கை நாமே போட்டுப் பார்க்கலாம். வரிசைக்குப் பத்துப் பேர் என்றால் மூன்று லட்சம் வரிசை. வரிசைக்கு ஒரு மீட்டர் என்று கஞ்சத்தனமாக வைத்தாலும் 300 கிலோமீட்டர் நீள ஊர்வலம். ஆடு மாடு, மூட்டை முடிச்சு தனி. இத்தனையும் சேறும் பாறையுமான கடலடியில், ஓர் இரவுக்குள்! இன்று இதைக் கேட்டால் யாரும் அதிர மாட்டோம். ஆனால் கவனியுங்கள், இதில் தத்துவம் எதுவும் இல்லை. அற்புதம் சாத்தியமா என்ற பெரிய கேள்விக்குள் அவர் போகவே இல்லை. சாட்சி சொல்வது கணக்குக்கு ஒத்துவருகிறதா என்று மட்டும் கேட்கிறார். உயிர்த்தெழுதல் பற்றி நான்கு சுவிசேஷங்களும் சொல்வதை அருகருகே வைத்து முரண்களைப் பட்டியலிட்டதும் இதே பாணிதான். 1778இல் வந்த கடைசித் துண்டு எல்லை தாண்டியது. இயேசு ஒரு யூத அரசை எதிர்பார்த்தவர், அது தோற்றுப்போனதும் சீடர்கள் உடலைத் திருடிவிட்டுப் புது மதத்தை உண்டாக்கினார்கள் என்றது அது.

ஹாம்பர்க்கில் புனித கத்தரீனா ஆலயத்தின் தலைமைப் போதகர் யோஹான் மெல்கியோர் கோய்ட்ஸே களத்தில் இறங்கினார். பாடப்புத்தகங்கள் இவரை ஒரு கோமாளியாகவே காட்டும். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. அவர் கேட்டது நேர்மையான கேள்வி: இயேசு உயிர்த்தெழவில்லை என்றால் கிறிஸ்தவத்தில் மிச்சம் என்ன இருக்கிறது, நீங்கள் நம்பும் கிறிஸ்தவம் எது என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். லெஸ்ஸிங் நேராகப் பதில் சொல்லவே இல்லை. கேலியும் வேகமுமாக, அதே 1778இல் கோய்ட்ஸேக்கு எதிராகப் பதினொரு துண்டுப் பிரசுரங்கள் எழுதித் தள்ளினார். ஜெர்மன் உரைநடையின் உச்சங்களில் ஒன்று என்று அவற்றைச் சொல்வார்கள். அந்த நேரத்தில் அவர் வாழ்க்கை எப்படி இருந்தது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். 1777 கிறிஸ்துமஸ் சமயத்தில் பிறந்த மகன் ஒரு நாள்தான் உயிரோடு இருந்தான். 1778 ஜனவரி 10 அன்று மனைவி ஏவாவும் இறந்துபோனார். அந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டுதான் இந்தக் கேலியெல்லாம். ஜூலையில் பிரபு தணிக்கைச் சலுகையைப் பறித்தார். லெஸ்ஸிங் தன் பழைய பிரசங்க மேடையான நாடகத்துக்கே திரும்பினார். மூன்று மோதிரங்களின் கதை வரும் ‘ஞானி நாதான்’ 1779இல் வெளிவந்தது அப்படித்தான்.

இந்தச் சண்டையின் நடுவில் லெஸ்ஸிங் சொன்ன ஒன்றுதான் அதற்குப் பிறகான இறையியலுக்கு முள்ளாகத் தைத்தது. ரைமாருஸ் சொல்வது முழுக்கத் தப்பு என்றே வைத்துக்கொள்வோம், இயேசு அற்புதங்கள் செய்தார் என்றே இருக்கட்டும். அதை நேரில் பார்த்தவன் நம்பலாம். எனக்கு எட்டியிருப்பது, யாரோ பார்த்தார்கள் என்கிற செய்தி மட்டும்தான். அலெக்சாந்தர் ஆசியாவை வென்றார் என்று நானும் நம்புகிறேன், அதற்காக அந்தச் செய்தியின்மேல் என் நித்திய வாழ்வையே பணயம் வைப்பேனா? வரலாற்றில் தற்செயலாக நடந்த ஒன்று, எப்போதும் மாறாத ஓர் உண்மைக்கு நிரூபணமாக முடியாது. இந்த அகலமான, அசிங்கமான பள்ளத்தை எத்தனையோ தடவை முயன்றும் தாண்ட முடியவில்லை, யாராவது உதவ முடிந்தால் செய்யுங்கள் என்று எழுதினார். கவனியுங்கள், அவர் கைவைத்தது அற்புதத்தின்மேல்கூட இல்லை, ‘நடந்தது, ஆகவே நம்பு’ என்பதில் உள்ள ‘ஆகவே’யின்மேல். அதே சமயம் அவரே இன்னொரு வாசலும் திறந்துவைத்தார். எழுத்து வேறு, அதன் ஆவி வேறு. சுவிசேஷங்கள் எழுதப்படும் முன்பே கிறிஸ்தவம் இருந்ததே. அப்படியானால் புத்தகத்தில் பிழை காட்டுவதால் மதம் ஏன் விழ வேண்டும்?

உங்கள் கேள்விக்கான பதில் இங்கேதான் தொடங்குகிறது. பள்ளத்தின் இந்தக் கரையிலேயே மதத்துக்கு வீடு கட்ட இடம் தேடினார்கள். ஒரே தலைமுறையில் மூன்று இடங்கள் கிடைத்தன.

முதல் இடத்தைக் கண்டவர் லெஸ்ஸிங்கின் உயிர் நண்பர் மெண்டல்சோன். நாதான் பாத்திரத்தில் அவருடைய சாயல் உண்டு. பதினான்கு வயதில் டெஸ்ஸாவிலிருந்து பெர்லினுக்கு வந்த ஏழை யூதப் பையன். பிறகு பட்டுத் தொழிற்சாலையில் கணக்கு எழுதிக்கொண்டே தத்துவம் எழுதினார். 1763இல் பிரஷ்ய அகாடமி நடத்திய கட்டுரைப் போட்டியில் முதல் பரிசு அவருக்கு, இரண்டாம் இடம் கான்ட்டுக்கு. 1769இல் லாவாட்டர் என்ற சுவிஸ் போதகர், கிறிஸ்தவத்துக்கு ஆதாரம் தரும் ஒரு புத்தகத்தைக் காட்டி, ஒன்று இதை மறுத்து எழுது, இல்லை மதம் மாறு என்று பகிரங்கமாகச் சவால் விட்டார். உரிமைகள் இல்லாத ஒரு சிறுபான்மையினரை நடுத்தெருவில் நிறுத்திக் கேட்கும் கேள்வி அது. மெண்டல்சோன் நிதானமாக நழுவினாலும் உள்ளே காயம் ஆறவில்லை. 1783இல் ‘எருசலேம்’ என்ற நூலில் முழுப் பதில் சொன்னார். கடவுள் உண்டு, ஆன்மா அழியாது என்ற உண்மைகளை எந்த மனிதனும் தன் அறிவாலேயே அடையலாம், அதற்கு வெளிப்பாடு தேவையில்லை. சீனாய் மலையில் யூதர்களுக்குக் கொடுக்கப்பட்டது சட்டம், வாழும் முறை. ‘நம்பு’ என்று ஒரு கட்டளையும் அதில் இல்லை என்றார். ஆகவே நம்பிக்கை விஷயத்தில் அரசோ மதச் சபையோ யாரையும் கட்டாயப்படுத்த முடியாது, சமூக விலக்கு செய்யவும் கூடாது. கான்ட் இந்த நூலைப் பாராட்டிக் கடிதம் எழுதினார். மெண்டல்சோன் கடைசிவரை யூதச் சட்டங்களை ஒழுங்காகக் கடைப்பிடித்தவர். ஆனால் அவருடைய ஆறு பிள்ளைகளில் நான்கு பேர் பின்னாளில் கிறிஸ்தவர்கள் ஆனார்கள். பேரன் பெலிக்ஸ், அந்தப் பெரிய இசையமைப்பாளர், 1816இல் சிறுவயதிலேயே ஞானஸ்நானம் பெற்றார். 1818இல் ஹாம்பர்க்கில் தொடங்கிய சீர்திருத்த யூத ஆலயமோ தாத்தா சொன்னதைத் தலைகீழாக்கியது: நம்பிக்கையை மையத்தில் வைத்து, சடங்குச் சட்டத்தைத் தளர்த்தியது.

இரண்டாவது இடம் கான்ட்டுடையது. 1781இல் வந்த ‘தூய அறிவின் விமர்சனம்’ நூலில், கடவுள் இருப்பதற்குச் சொல்லப்பட்ட மூன்று பாரம்பரிய நிரூபணங்களையும் எடுத்து, ஒன்றும் தேறாது என்று காட்டினார். ‘மிக நிறைவானவர் என்றால் இருந்துதானே ஆக வேண்டும்’ என்ற வாதத்துக்கு அவர் சொன்ன பதில் பிரசித்தம். மனதில் இருக்கும் நூறு வெள்ளிக் காசுக்கும் பையில் இருக்கும் நூறு வெள்ளிக் காசுக்கும் கருத்தில் ஒரு காசுகூட வித்தியாசம் கிடையாது. இருப்பது என்பது கருத்தோடு சேர்க்கும் இன்னொரு குணம் ஆகாது. ஆகவே கருத்தைப் பிழிந்து இருப்பை எடுக்க முடியாது. எல்லாவற்றையும் நொறுக்குபவர் என்று மெண்டல்சோன் இவரைச் சொன்னது இதனால்தான். பல மாணவர்கள் இந்த இடத்தோடு புத்தகத்தை மூடிவிடுகிறார்கள், நாத்திகர் என்று எழுதிவிடுகிறார்கள். 1787 பதிப்பின் முன்னுரையில் அவரே காரணம் சொல்கிறார்: நம்பிக்கைக்கு இடம் கிடைக்க வேண்டும் என்றுதான் அறிவை ஒதுக்கினேன். கடவுள் இல்லை என்று நிரூபிப்பதும் அதே அளவுக்கு அசாத்தியம் என்பது இதற்குள் அடக்கம். அடுத்த ஆண்டு வெளிவந்த இரண்டாவது விமர்சன நூலில் கடவுள் வேறு வாசல் வழியாக வருகிறார். கடமையைச் செய் என்ற குரல் நமக்குள் நிபந்தனையில்லாமல் ஒலிக்கிறது. நல்லவனாக இருப்பதும் மகிழ்ச்சியும் கடைசியில் ஒன்றுசேரும் என்ற நம்பிக்கை இல்லாமல் அந்தக் குரலுக்கு அர்த்தம் முழுமையாகாது. அதற்குக் கடவுளையும் அழியாத ஆன்மாவையும் ஏற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது என்கிறார்.

இது தேறுமா? என் அபிப்பிராயத்தில் இந்த வாதம் கொஞ்சம் நொண்டுகிறது. கடமை எதையும் எதிர்பார்க்காது என்று சொல்லிவிட்டு, கடைசிப் பக்கத்தில் சம்பளப் பட்டியலை நீட்டுவதுபோல் இருக்கிறது. ஆனால் மதச் சிந்தனையை அது திருப்பிய திசை பெரியது. 1793இல் வந்த மதம் பற்றிய நூலில் கான்ட் இன்னும் வெளிப்படையாகச் சொன்னார். ஒழுக்கமான வாழ்க்கையைத் தவிர, வேறு எதைச் செய்தாவது கடவுளை மகிழ்விக்கலாம் என்று நினைப்பது பிரமை. ஆனால் அதே நூலின் முதல் பகுதியில், மனித இயல்பின் வேரிலேயே தீமை இருக்கிறது என்றும் எழுதினார். ஆதிப் பாவத்தை வேறு உடையில் திரும்பக் கொண்டுவந்துவிட்டார் என்று கவிஞர் கதே கொதித்தார். கிறிஸ்தவர்களும் வந்து அங்கியின் ஓரத்தை முத்தமிடட்டும் என்று தன் தத்துவ அங்கியில் தானே கறை பூசிக்கொண்டார் என்பது கதேயின் கோபம். மதச் சிந்தனையின்மேல் தத்துவத்தின் தாக்கம் என்கிறோமே, எதிர்த்திசையிலும் ஓட்டம் இருந்தது என்பதற்கு இது சாட்சி. லூதரன் சபைக்குள் எழுந்த பக்தி இயக்கத்தைச் (பயட்டிசம்) சேர்ந்த குடும்பத்தில் வளர்ந்த பையன் அந்தக் கிழவருக்குள் கடைசிவரை இருந்தான்.

அந்த நூலால் வந்த தொல்லையையும் சொல்லாமல் விட மனமில்லை. சகிப்புத்தன்மை காட்டிய பிரஷ்ய அரசர் இரண்டாம் ஃப்ரீட்ரிஷ் 1786இல் இறந்து, அவர் தம்பி மகன் அரசரானார். அமைச்சர் வோல்னர் 1788 ஜூலையில் போட்ட ஆணை, போதகர்கள் பழைய கோட்பாடுகளை விட்டு விலகக் கூடாது என்றது. கான்ட்டின் முதல் பகுதி 1792இல் இதழில் வந்துவிட்டது. இரண்டாவது பகுதியைத் தணிக்கையாளர் தடுத்தார். கான்ட் சளைக்காமல், ஒரு பல்கலைக்கழகத் தத்துவத் துறையின் அனுமதி வாங்கி முழுப் புத்தகமாகவே வெளியிட்டுவிட்டார். 1794 அக்டோபர் 1 தேதியிட்டு அரசரின் கண்டனம் வந்தது. எழுபது வயது. ‘மாட்சிமை தங்கிய தங்களுடைய மிக விசுவாசமான பிரஜையாக’ இனி மதத்தைப் பற்றி எழுதவோ பேசவோ மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார். 1797இல் அரசர் இறந்தார். மறு ஆண்டே மதத்தைப் பற்றிப் புத்தகம் வந்தது. ‘தங்களுடைய’ பிரஜையாக என்றுதானே எழுதினேன், அந்தத் ‘தாங்கள்’ போய்விட்டார், அந்தச் சொல்லை யோசித்துத்தான் போட்டேன் என்று முன்னுரையில் விளக்கமும் கொடுத்தார். பொய் சொல்வது எந்த நிலையிலும் தவறு என்று கற்பித்த மனிதர்!

மூன்றாவது இடம் ஷ்லையர்மாகர் கண்டது. ராணுவப் போதகர் மகன், மொராவியச் சகோதரர்கள் என்ற புராட்டஸ்டண்ட் சபையினர் நடத்திய பக்திப் பள்ளிகளில் வளர்ந்து, சந்தேகம் வந்து வெளியேறி, கான்ட்டைக் கரைத்துக் குடித்தவர். 1799இல் பெர்லினில் சாரிட்டே மருத்துவமனையின் போதகராக இருந்தபோது, மதத்தை இகழும் படித்தவர்களைப் பார்த்துப் பேசுவதாக ஒரு நூல் எழுதினார். நீங்கள் இகழ்வது மதமே இல்லை என்பது அதன் தொனி. மதம் பௌதிகமும் இல்லை, ஒழுக்கப் பாடமும் இல்லை. அண்டத்தின் முன் நிற்கும்போது உண்டாகும் உணர்வு, எல்லையற்ற ஒன்றின் சுவை. செங்கடல் கணக்கு அதை எப்படித் தொடும்? நொறுக்க வந்த சுத்தியலுக்கு எட்டாத உயரத்தில் மதத்தைக் கொண்டுபோய் வைத்தார். இதற்கு விலையும் உண்டு. யாரும் மறுக்க முடியாத ஒன்றை யாருக்கும் நிரூபிக்கவும் முடியாது. இன்று ஒருவர் “எனக்குக் கடவுள் ஓர் அனுபவம், வாதம் வேண்டாம்” என்று சொன்னால், தெரிந்தோ தெரியாமலோ அவர் பேசுவது ஷ்லையர்மாகர் பாஷை.

இதுவரை சொன்னதில் எது உறுதி, எது சந்தேகம் என்று பிரித்துவிடுகிறேன். யார் எதை எப்போது எழுதினார், எந்த ஆணை எப்போது வந்தது என்பதெல்லாம் ஆவணங்களில் இருப்பது. ரைமாருஸ்தான் அந்தப் பெயர் தெரியாத ஆசிரியர் என்பதும் 1814இல் அவர் மகன் வெளிப்படுத்தியதால் உறுதி. முழு நூல் அச்சில் வர 1972 ஆனது என்பதையும் கவனியுங்கள். லெஸ்ஸிங் உண்மையில் எதை நம்பினார் என்பது சந்தேகம். கடவுளும் இயற்கையும் ஒன்றே என்ற தத்துவவாதி ஸ்பினோசாவின் பக்கம் தான் என்று 1780இல் தன்னிடம் ஒப்புக்கொண்டதாக யாக்கோபி என்பவர் 1785இல் அறிவித்தார். அப்போது லெஸ்ஸிங் இறந்து நாலு வருடம் ஆகியிருந்தது. அந்தச் செய்தி மெண்டல்சோனை உலுக்கியது. விளையாட்டாகச் சொன்னாரா, வாயைக் கிளறச் சொன்னாரா என்று இன்றும் அறிஞர்கள் பிரிந்தே நிற்கிறார்கள். இன்னும் பெரிய சந்தேகம், ஐரோப்பாவில் ஆலயங்கள் காலியானதற்கு இந்தப் புத்தகங்கள்தான் காரணமா என்பது. எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. இவற்றை வாங்கிப் படித்தவர்கள் ஒரு சிறு வட்டம். கிராமம் விட்டு நகரத்துக்குப் போனது, தொழிற்சாலை, அரசே பள்ளிக்கூடம் நடத்தியது இவற்றுக்குப் பங்கு அதிகம் என்று வாதிடும் வரலாற்றாசிரியர்கள் நிறைய. அதே நூற்றாண்டில்தான் இங்கிலாந்தில் வெஸ்லியின் மெதடிஸ்ட் எழுச்சி ஆயிரக்கணக்கானவர்களை வெட்டவெளியில் கூட்டிவைத்துக் கண்ணீர் விடவைத்தது என்பதையும் மறக்க வேண்டாம். ‘அனுபவம்’ என்று அவர்கள் வலியுறுத்தியதில் அறிவெல்லாம் அனுபவத்திலிருந்தே வருகிறது என்ற ஜான் லாக்கின் தத்துவச் சாயல் இருக்கிறதா என்பதே ஒரு தனி விவாதம்.

கடைசியாக, நம் ஊரைத் தொட்டதா? பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சீர்திருத்த இயக்கங்களை எழுதப் போனால் தனிப் பதிலே வேண்டும். அதற்கு முன்பே நடந்த இரண்டு சங்கதிகளை மட்டும் சொல்கிறேன். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்குக்குப் பின்னால் இருந்தது ஹாலே நகரத்துப் பக்தி இயக்கம். 1708இலேயே அவர் நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி மூன்றையும் ஜெர்மனில் பெயர்த்தார். 1713இல் தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி ஒரு பெரிய நூல் எழுதி அனுப்பினார். ஹாலேயில் அதை அச்சிடவில்லை. அஞ்ஞானத்தை அழிக்கத்தான் அனுப்பினோம், அதை ஐரோப்பாவில் பரப்ப அனுப்பவில்லை என்பது அங்கிருந்தவர்களின் எண்ணம். அது அச்சானது 1867இல், சென்னையில். அதே ஹாலே பல்கலைக்கழகத்தில் 1721இல் கிறிஸ்டியன் வோல்ஃப் என்ற தத்துவவாதி, சீனர்கள் பைபிள் இல்லாமலே நல்லொழுக்கம் கண்டவர்கள் என்று பேசினார். அங்கிருந்த பக்தி இயக்கத்தார் எழுப்பிய புகாரில், 1723இல் நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் நாட்டைவிட்டு வெளியேறாவிட்டால் தூக்கு என்று அரசர் உத்தரவு போட்டார். வோல்ஃபுக்குக் கன்பூசியஸ், சீகன்பால்குக்குக் கொன்றைவேந்தன். இரண்டும் எழுப்பிய கேள்வி ஒன்றே: பைபிள் இல்லாமலே நல்லொழுக்கம் இருக்க முடியுமா?

இரண்டாவது சங்கதி புதுச்சேரி தொடர்பானது. 1760இல், இந்தியாவிலிருந்து திரும்பிய ஒரு பிரெஞ்சு அதிகாரி ‘எசூர்வேதம்’ என்ற கைப்பிரதியை வால்டேரிடம் கொடுத்தார். விக்கிரக வழிபாட்டை மறுத்து, ஒரே கடவுளை வணங்கச் சொல்லும் உரையாடல். வால்டேருக்குத் தலைகால் புரியவில்லை. மோசேக்கும் பைபிளுக்கும் வெளியே, அலெக்சாந்தருக்கு முன்பே, தான் சொல்லும் இயற்கைச் சமயம் இந்தியாவில் இருந்ததற்குச் சான்று கிடைத்துவிட்டது என்று அரச நூலகத்தில் சேர்த்தார், நூல்களில் மேற்கோள் காட்டினார். பழைய புத்தகம் என்பதாலேயே ஒன்றை நம்பக் கூடாது என்று சபையைக் கேலி செய்தவர், தனக்குப் பிடித்த பழைய புத்தகத்தைச் சோதிக்கவில்லை. பிற்பாடு அதே வகைக் கைப்பிரதிகளைப் புதுச்சேரி மிஷனரிகளின் சேகரிப்பில் பார்த்து, உட்கார்ந்து ஆராய்ந்தவர், நாம் எல்லீசன் என்று கொண்டாடும், திருக்குறளுக்கு உரை எழுதிய எல்லிஸ் துரை. எழுத்தையும் மொழியையும் ஒப்பிட்டு, அது வேதமே இல்லை, இந்துக்களிடம் வாதாட ஏசு சபைப் பாதிரிமார் உருவாக்கியது என்று காட்டினார். அவர் 1819இல் இறந்துவிட, கட்டுரை 1822இல் அச்சானது. எழுதியவர் பதினேழாம் நூற்றாண்டில் மதுரையில் இருந்த ஏசு சபைப் பாதிரியார் ராபர்ட் டி நொபிலி என்று அவர் சொன்ன ஊகத்தை இன்று பெரும்பாலும் ஏற்பதில்லை. பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் என்கிறார்கள், எவர் என்பதில் ஒருமித்த கருத்து இல்லை.